பழசையே போட்டுடறேன் சார்

உட்காருங்க தம்பி. அங்கே வேண்டாம், இந்தப் பக்கம், ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி. முகம் சரியாகத் தெரியாதவர்களோடு பேச எனக்குப் பிடிக்காது. செருப்பை வெளியிலேயே விட்டீர்கள்தானே? நல்லது. இந்த அறைக்குள் செருப்போடு நடந்தவள் ஒருத்திதான். கேட்டால், "கரண்ட் வேலை சார், ரப்பர் செருப்பு இல்லாம செய்ய மாட்டேன்" என்கிறாள். முப்பது வருடமாக நான் வெறுங்காலோடுதான் இதற்குள் கை விடுகிறேன். செத்தா போய்விட்டேன்?

டீயைக் குடியுங்க. உங்களை மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பார்த்து வரச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைக்கு இந்தப் பாட்டு ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்கு விடுமுறை. என் மச்சினன் அழகர், அதாவது என் சம்சாரத்தின் தம்பி, இந்த ஸ்டுடியோவில் பாதிப் பங்குக்காரன், வத்தலகுண்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறான். நாலு மணிக்கு வந்துவிடுவான். அதற்குள் முடிய வேண்டும். போனில் சொன்னதுதான். இந்த மிக்ஸருக்குள் இருக்கிற புது ஐசிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, இதோ இந்த டப்பாவில் இருக்கிற பழைய ஐசிகளைப் போட வேண்டும். இருபத்து நான்கு சேனல். எல்லாவற்றுக்கும் அந்தச் செருப்புக்காரி பேஸ், அதாவது ஐசி உட்காருகிற சாக்கெட், வைத்திருக்கிறாள், ஈயம் வைக்கிற வேலையே இல்லை. பிடுங்கி, அழுத்தினால் போதும். நானே செய்வேன், கை கொஞ்சம் நடுங்குகிறது. ஐசியின் ஒரு கால் வளைந்தாலோ, ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டாலோ புகை வந்துவிடும்.

நான் கத்தவில்லை தம்பி. என் குரலே இப்படித்தான்.

இந்த மிக்ஸர் எப்படி வந்தது தெரியுமா? சென்னையில் ஒரு பெரிய ஸ்டுடியோவை மூடினபோது லாரியில் ஏற்றி வந்தேன். ஆறு பேர் சேர்ந்து மாடிப்படியில் தூக்கினோம். திண்டுக்கல்லில் அன்றைக்கு இப்படி ஒரு சாமான் யாரிடமும் கிடையாது. கார்த்திகை பிறந்தால் போதும், பழனிக்குப் பாதயாத்திரை போகிற கோஷ்டிகள் வரிசையில் நிற்கும். ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு பாட்டு வேண்டும், நடக்கும்போது வண்டியில் போட்டுக்கொண்டு போக. தைப்பூசம் வரைக்கும் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. எல்லாப் பாட்டும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, இந்தக் கையால் ஏற்றி இறக்கினதுதான். வேறு ஒருத்தனை நான் இதில் உட்கார விட்டதில்லை. அழகரே நின்றுகொண்டுதான் பேசுவான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரைச்சல் இருக்கிறது என்று ஒரு புகார். யார் கிளப்பினது என்றால் ராக்கம்மா. இங்கே வழக்கமாகப் பாடுகிறவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. போன கார்த்திகையில் பாடிவிட்டு, கேட்டுவிட்டு, "என்னண்ணே, என் பாட்டுக்கு அடியில யாரோ உக்காந்து மாவு சலிக்கிறாங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

தம்பி, நான் பொய் சொல்லவில்லை. இதில் இரைச்சல் இருந்தது. ஒரு காலத்தில் நன்றாகவே இருந்தது, உஸ்ஸென்று. எனக்குத் தெரியாதா? ஆனால் அது நாலைந்து வருடத்துக்கு முன்பே நின்றுபோய்விட்டது. தானாகவே. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு நாள் பார்த்தால் சுத்தமாக இல்லை. நல்ல சாமான் அப்படித்தான், பழகப் பழகப் படிந்துவிடும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ்கூட அப்படித்தான். முன்பெல்லாம் கதவு திறந்திருந்தால் கீ கீ என்று கத்தும். இப்போது கத்துவதில்லை. என் சம்சாரம் மட்டும் ஓடி ஓடிப் போய்க் கதவைச் சாத்துவாள். பழக்கதோஷம்.

இல்லாத இரைச்சலுக்கு வைத்தியம் பார்க்க அழகர் கூட்டி வந்ததுதான் அமலி.

இருபத்தாறு வயசு இருக்கும். பெங்களூரில் இந்த மாதிரி மிக்ஸர் ரிப்பேர் செய்கிற இடத்தில் வேலை பார்த்தாளாம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்துவிட்டாளாம். வந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் போய் ஸ்பீக்கரில் காதை வைத்தாள். மாட்டுக்கு வயிற்றில் காது வைத்துப் பார்ப்பார்களே, அப்படி. அப்புறம் அழகரிடம் சொல்கிறாள்: "ஆப்-ஆம்ப் ஐசி எல்லாம் பழசு சார். மைக்குல வர்ற துளி சத்தத்தப் பெருசாக்கும்போது தன்னோட இரைச்சலையும் சேத்துக் குடுக்குது. கன்டென்சரும் காஞ்சு போச்சு. ஒரு சேனல் மட்டும் மாத்திக் காட்டுறேன், கேட்டுட்டு சொல்லுங்க."

"பாப்பா, இது நீ பொறக்குறதுக்கு முன்னாடி வந்த சாமான்" என்றேன்.

"தெரியுது சார்" என்றாள்.

அந்த 'தெரியுது சார்' இருக்கிறதே. தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக, உதடு அசைவதே தெரியாமல். அழகருக்கு அவள் பேசினால் புரிகிறது, எனக்கு மட்டும் பாதி புரிவதில்லை. வேண்டுமென்றே அப்படிப் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு சேனல் என்றவள் பன்னிரண்டு சேனலை மாற்றினாள். இரண்டு நாள். நான் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டீ வாங்கிவரச் சொன்னால் அவளை விட்டுவிட்டுச் சொன்னேன். ஃபேனை நிறுத்தினேன், ஈயப்புகை என் பக்கம் வருகிறது என்று. அவள் விளக்கைத் திருப்பி வைத்தால் நான் திரும்பத் திருப்பி வைத்தேன். ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை. முகம் சுளிக்காத ஆட்களை நம்பாதீர்கள் தம்பி. வியர்வையைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு, எடுத்த ஒவ்வொரு ஐசியையும் தெர்மகோலில் வரிசையாகக் குத்தி, பக்கத்தில் சேனல் நம்பர் எழுதினாள். பவர் சப்ளையையும் கழற்றினாள். புது ஐசி அதிகக் கரண்ட் இழுக்குமாம், பழைய சப்ளை தாங்காதாம். பாருங்க, சாப்பாடு அதிகம் தின்கிற மருமகளைக் கொண்டுவந்துவிட்டு, அடுப்பை இடித்துக் கட்டுகிற கதை.

மாற்றின பன்னிரண்டு சேனலையும் போட்டுக் கேட்டேன். உயிரே இல்லை. "வெந்நீர் மாதிரி இருக்கு, ருசி இல்ல" என்று சொன்னேன்.

அழகர், "எனக்கு நல்லாத்தான் மாமா இருக்கு" என்றான்.

"உனக்கு என்னடா தெரியும்? காது வேணும்டா அதுக்கு."

"சரி மாமா, விடுங்க" என்றான். அந்தச் 'சரி மாமா' எனக்குப் பிடிக்கவில்லை. நாலு பேர் இருந்தார்கள். ராக்கம்மா இருந்தாள், தேவகோட்டையிலிருந்து பாட்டு விஷயமாக வந்த கோஷ்டித் தலைவர் வள்ளியப்பன் இருந்தார். நான் எழுந்து சொன்னேன்: "பன்னெண்டு புதுசு, பன்னெண்டு பழசு. எதுல வேணா பாட்டப் போடு. நான் கேட்டுச் சொல்றேன், எது புதுசு, எது பழசுன்னு. சொல்லிட்டா எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் பழசப் போடணும். சொல்லலேன்னா இந்த நாற்காலிய விட்டு எந்திரிச்சுடறேன். அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

"வேண்டாம் மாமா" என்றான் அழகர். ஏன் வேண்டாம்? அவனுக்குப் பயம், நான் ஜெயித்துவிடுவேன் என்று.

அமலி ஒன்றுதான் கேட்டாள். "சார், சுவரப் பாத்து உக்காந்துக்கிறீங்களா? மீட்டர் தெரியாம?"

இதுதான் விஷமம். நான் வேலை செய்கிறதே ஊசியைப் பார்த்து, பாடுகிறவர் முகத்தைப் பார்த்து. ராக்கம்மா புருவத்தைத் தூக்கினால் உச்சத்துக்குப் போகிறாள் என்று கை தானாக இறங்கும். அந்த வித்தை இந்தப் பிள்ளைகளுக்கு வருமா? ஆனால் சொன்னது சொன்னதுதான். சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு பாட்டு போட்டாள். "பழசு" என்றேன். அடுத்து அதே பாட்டு. "புதுசு. ருசியே இல்ல பாரு" என்றேன். அதற்கு அப்புறம் ஒன்றும் போடவில்லை. சும்மா இருக்கிறாள். அரை நிமிடம், ஒரு நிமிடம். என்னைப் பதற்றப்பட வைக்கிற தந்திரம். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ம், போடும்மா, எவ்வளவு நேரம்?" என்றேன்.  திரும்பிப் பார்த்தேன். வள்ளியப்பன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறார். அழகர் தன் காலைப் பார்க்கிறான். ராக்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள், அந்த அறையில் தூசி அதிகம். அமலியின் கை பழைய சேனல்களின் மேல் இருக்கிறது, எல்லாவற்றின் வால்யூமையும் உச்சத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறாள், பாட்டு ஒன்றும் போடாமல். என்னைப் பார்த்ததும் சட்டென்று எல்லாவற்றையும் இறக்கினாள்.

அப்புறம் அவளே சொன்னாள். நான் சொல்லவில்லை, அவளே. "சார் சொன்னது சரி. ரெண்டும் கரெக்டா சொல்லிட்டாங்க. பழசையே போட்டுடறேன் சார்."

நாலு பேர் முன்னால்! எல்லார் காதிலும் விழுந்தது. தோற்றேன் என்று தன் வாயால் ஒத்துக்கொண்டாள். நான் அழகரைப் பார்த்தேன். அவன் நிமிரவே இல்லை. எப்படி நிமிர்வான்?

மறுநாள் வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தாள். சாயந்திரம் இந்த டப்பாவை என் கையில் கொடுத்து, "எடுத்ததெல்லாம் இதுல இருக்கு சார். பத்திரமா வெச்சுக்கோங்க" என்றாள். புது ஐசிகள்தானே, எனக்கெதற்கு? டேப் ஒட்டி அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டைப் போட்டேன். அப்பா! உயிர் திரும்பி வந்தது தம்பி. பழைய ருசி. "இதுதான்டா சத்தம்" என்று அழகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆமா மாமா" என்றான்.

அந்த சீசன் மாதிரி ஒரு சீசன் கிடையாது. வருகிறவன் போகிறவன் எல்லாம், இந்த வருடம் பாட்டு பளிங்கு மாதிரி இருக்கிறது என்கிறான். வள்ளியப்பன் இன்னும் இரண்டு கோஷ்டிகளை அனுப்பிவைத்தார். எல்லாரிடமும் சொன்னேன், புதுசு போட்டுக் கெடுக்கப் பார்த்தார்கள், நான் விடவில்லை, பழசு பழசுதான் என்று. அழகர் பக்கத்திலேயே நிற்பான், தலையாட்டுவான். ஒன்று சொல்ல வேண்டும், நான் மிக்ஸ் முடித்துக் கொடுத்ததை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய் முன்னும் பின்னும் வெட்டித் திருத்திக் கொண்டு வருவான். பத்து நிமிட வேலை. ஒரு நாள் எடுத்துக்கொள்வான். சோம்பேறி.

ராக்கம்மாவுக்கு மட்டும் அந்த நாளிலிருந்து திமிர் ஏறிப்போயிற்று. முன்பெல்லாம் வாசலிலிருந்தே "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவாள். இப்போது நேராக என் எதிரில் வந்து நின்று, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்கிறாள். "இன்னைக்கு. மூணு. பாட்டுண்ணே." எனக்கு எண்ணத் தெரியாதா?

போன செவ்வாய்க்கிழமை ஏழாவது சேனலில் ஊசி நடுங்கியது. வயர் எங்கேயோ லூஸ். அழகர் இல்லை. நானே மேல் தகட்டைக் கழற்றினேன்.

உள்ளே பார்த்தால், தம்பி, அத்தனையும் புதுசு. பளபளவென்று. எனக்கு முதலில் புரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதுகில் இருக்கிற எழுத்தைப் படித்தேன். காது போனாலும், எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு பேச்சுக்கு, கண் எனக்கு நன்றாகத் தெரியும். அலமாரி மேலிருந்து டப்பாவை எடுத்து டேப்பைக் கிழித்தேன். தெர்மகோலில் வரிசையாக, ஒவ்வொன்றின் முதுகிலும் செய்த வருடம் எண்பத்தாறு என்று போட்டிருக்கிறது. பழசு எல்லாம் டப்பாவில். பன்னிரண்டு சேனலோடது இல்லை, இருபத்து நான்கும்! அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு மிச்சப் பன்னிரண்டையும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், என் முகத்துக்கு நேராக, "பழசையே போட்டுடறேன் சார்."

ஏமாற்றுக்காரி. இதற்கு வேறு பேர் உண்டா? சொல்லுங்க. ஒரு மனுஷனை நாலு மாசம் முட்டாளாக்கி உட்கார வைக்கிறது எந்த நியாயத்தில் சேர்த்தி? அழகருக்கும் தெரிந்திருக்கிறது, அவன் சொல்லாமல் அவள் செய்திருக்க மாட்டாள். ராக்கம்மாவுக்கும் தெரியும். வள்ளியப்பனுக்கும் தெரியும். ஊரே சேர்ந்துகொண்டு தலையாட்டியிருக்கிறது. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு பழைய ருசி, பழைய ருசி என்று...

விடமாட்டேன். அதற்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். இன்றைக்குப் பழசை எல்லாம் போட்டுவிடுங்க. நாளைக்கு அமலி சர்வீஸுக்கு வருகிறாள், வள்ளியப்பனும் பங்குனிக் கோஷ்டிப் பாட்டுக்கு வருகிறார். எல்லாரையும் உட்கார வைத்து ஒரு பாட்டு போடுவேன். ஆகா ஓகோ என்பார்கள். அப்போது தகட்டைத் திறந்து காட்டுவேன். இப்ப இருக்கிறது பழசு, உங்களில் எவனுக்குத் தெரிந்தது என்று கேட்பேன். என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தவள் முகத்தை நாளைக்குப் பார்க்க வேண்டும்.

ம்? என்ன சொன்னீர்கள்? திரும்பிச் சொல்லுங்க.

பழசைப் போட்டால் இரைச்சல் வருமா. வரட்டுமே, கொஞ்சம் வந்தால் என்ன. இல்லை, புரிகிறது. இத்தனை வருடத்துப் பழசில் சிலது ரொம்ப இரையும், சிலது பரவாயில்லாமல் இருக்கும் என்கிறீர்கள். அப்புறம்? ஒவ்வொரு சேனலாகப் போடப் போட, பக்கத்தில் நின்று, எது அதிகம் இரைகிறது, எதை விடலாம் என்று கேட்டுச் சொல்ல வேண்டுமா. யார், நானா?

ஊசியைப் பார்த்துச் சொன்னால் போதாதா? அந்த அளவு சத்தத்துக்கு ஊசி அசையாதா. அசையாதுதான். எனக்குத் தெரியும், உங்களைச் சோதித்தேன்.

நீங்களே கேட்டுக்கொள்ளக் கூடாதா? என் ஸ்டுடியோ, நான்தான் கேட்டுச் சொல்ல வேண்டும் என்கிறீர்களா. அதுவும் சரிதான்.

டீ ஆறிப்போயிற்று பாருங்க. பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிட்டீர்கள்.

தம்பி, ஒன்று யோசித்துப் பார்த்தேன். நாளைக்கு நான் தகட்டைத் திறந்து காட்டுகிறேன் என்று வையுங்க. அழகர் ஒன்றும் சொல்ல மாட்டான். வள்ளியப்பன் பெரிய மனுஷர், அவரும் சொல்ல மாட்டார். அந்த ராக்கம்மா வாயை யார் மூடுவது? "அப்ப நாலு மாசமா உங்களுக்குத் தெரியலையாண்ணே?" என்று என் எதிரில் வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது? சொன்னது சொன்னதுதானே. நாலு பேர் முன்னால் சொன்னது. எழுந்துவிட வேண்டும். எழுந்து எங்கே போவது? வீட்டுக்கா? அங்கே போய் என்ன செய்வது, ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு உட்காருவதா?

தகட்டை மூடிவிடுங்க.

ஆமாம், ஒன்றும் மாற்ற வேண்டாம். அந்த ஏழாவது சேனல் வயரை மட்டும் சரி செய்யுங்க. வந்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டு போங்க, யாராவது கேட்டால் ஏ.சி. பார்க்க வந்தேன் என்று சொல்லுங்க. டப்பா இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அவள் செய்தது தப்பு, அதில் மாற்றம் இல்லை. சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். நாளைக்கு வந்தால் டீகூடச் சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒரு சின்ன வேலை. இங்கே வாங்க. திருகுகளின் தலையைப் பாருங்க. மூடின பிறகு ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு நகப்பாலிஷ் வைத்திருந்தாள், யாராவது திறந்தால் தெரிய வேண்டும் என்று. தொழில் தெரிந்தவள்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. எட்டுத் திருகு, எட்டையும் நான் பிளேடால் சுரண்டிவிட்டேன். புதன்கிழமையே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் மூன்று பாட்டில் வாங்கி வந்தேன். "யாருக்கு சார்?" என்று அந்தக் கடைப் பெண் சிரிக்கிறது. புதன்கிழமையே எதற்கு வாங்கினேன் என்று நீங்களும் கேட்காதீர்கள்.

மூன்றும் சிவப்புதான். ஆனால் ஒன்று கொஞ்சம் குங்குமம், ஒன்று ரத்தம், இது நடுவில். பவர் சப்ளை மூடியில் நான் தொடாத திருகு ஒன்று இருக்கிறது, அதில் இருப்பது அவள் வைத்தது. குனிந்து பாருங்க, அவசரமில்லை, நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்த மூன்றில் எது அது? சரியாகப் பார்த்துச் சொல்லுங்க தம்பி. நான் திறந்து பார்த்தேன் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவே கூடாது.